விலக்கு இல்லாத விளையாட்டு

அப்பாவின் டையைச் சரிசெய்யக் குனிந்தபோது ஷானாவின் முழங்கையில் ஏதோ இடித்தது. சவப்பெட்டிக்குள் இடுப்புவரை போர்த்தியிருந்த ஒட்டுத்துணிப் போர்வைக்கு அடியில், தொடையோரமாக, கெட்டியாக ஏதோ இருந்தது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். தோலுறையோடு அப்பா போட்டிகளில் சுடும் கைத்துப்பாக்கி.

சர்ச்சின் பக்கத்து அறையில் அவளும் தம்பி டாரிலும் மட்டும்தான் இருந்தார்கள். கீழ்த்தளத்தில் பெண்கள் முட்டை சாண்ட்விச் அடுக்கும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊரே வந்துவிடும்.

"நீதானா?"

"வேற யாரு?" டாரில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னான். "மகனுக்கும் கிடைக்கக் கூடாது, போலீஸ்ல குடுத்து உருக்கணும்னு சட்டம் போட்டாச்சுல்ல. அவரோடயே போகட்டும்."

அந்தச் சட்டத்தில் அவளுக்கும் பங்கு இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் பாராளுமன்றக் கமிட்டி முன்னால் உட்கார்ந்து, ரெஜைனா ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு நர்ஸாகப் பேசினாள்; டிவியிலும் காட்டினார்கள். கைத்துப்பாக்கித் தடையிலிருந்து ஒலிம்பிக்கில் நின்று சுடுகிறவர்களுக்கு விலக்கு கொடுங்கள், ஓடி ஓடிச் சுடும் போட்டிகளுக்கு வேண்டாம் என்றாள். அப்பா லைல் முப்பது வருடமாக ஆடிய ஆட்டம் அது. அன்றிலிருந்து அவள் போன் செய்தால் "அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பார். இரண்டு வருடத்தில் அப்பனும் மகளும் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

"நின்னு சுட்டா விளையாட்டு, ஓடிச் சுட்டா குத்தமா?" என்றான் டாரில். "எவனோ கோடு போட்டான். நீ போய் ஸ்கேல் பிடிச்ச."

"தலையும் தோளும் வெச்ச அட்டையைப் பாத்துச் சுடறீங்கடா. எங்க வார்டுக்கு வந்தாளே அந்தப் பொண்ணு, அவளைச் சுட்ட புருஷனும் துப்பாக்கி கிளப் மெம்பர்தான். லைசென்ஸ் எல்லாம் சரியா இருந்துச்சு."

"அப்பா அவன் இல்ல."

"இல்லதான். அதையும் அங்கயே சொன்னேன். அதுக்குள்ள அவர் டிவியை அணைச்சுட்டார்."

டாரில் ஜன்னலிலிருந்து திரும்பினான். "அப்பா மாதிரி ஜாக்கிரதையான ஆளு இந்த மாகாணத்துல உண்டா? உலக சாம்பியனே வந்தாலும் துப்பாக்கியைத் திறந்து காலின்னு காட்டாம சுடற ரேஞ்சுல கோட்டைத் தாண்ட விட மாட்டார். அவரைப் போய் ஆபத்துன்னு எழுதி வெச்சீங்க."

ஷானா போர்வையைப் பார்த்தாள். இப்போது துப்பாக்கியில் கைவைத்தால் மிச்சமிருக்கும் தம்பியும் போய்விடுவான். வைக்காவிட்டால், ஒட்டாவாவில் பேசிய ஒரு வார்த்தையையும் இனிமேல் வாயெடுத்துச் சொல்ல முடியாது. இரண்டுமே அவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்பா பேர்ல பதிவாயிருக்குடா. எங்கன்னு போலீஸ் கேப்பாங்க. அப்பறம் குழியைத் தோண்டுவாங்க. அம்மா அதைப் பாத்துட்டு நிக்கணுமா?"

அவன் தடுக்கவில்லை.

துப்பாக்கியை உறையிலிருந்து உருவி, முனையைச் செங்கல் சுவர் பக்கம் திருப்பினாள். பன்னிரண்டு வயதில் அப்பா சொல்லிக்கொடுத்தது கைக்கு மறக்கவில்லை. தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றினாள். காலி. மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்தாள். உள்ளேயிருந்து ஒரு தோட்டா துள்ளி வந்து கம்பளத்தில் விழுந்தது.

ஷானா நிமிர்ந்து டாரிலைப் பார்த்தாள்.

"தோட்டாவை நீ போட்டியா?"

"சத்தியமா இல்லக்கா. இரும்புப் பெட்டியில இருந்து அப்படியே எடுத்துட்டு வந்தேன்."

"திறந்து பாக்கலையா?"

"அப்பா வெச்ச துப்பாக்கிக்கா. அதை எதுக்குப் பாக்கணும்?" சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது. "போன செப்டம்பருக்கு அப்பறம் அவர் ரேஞ்சுக்கே போகலையே. ஒண்ணே ஒண்ணு எதுக்கு?"

ஷானாவுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அப்பாவைப் போலக் கணையத்தில் புற்றுநோய் வந்தவர்களின் வலி எப்படியிருக்கும் என்று அவளுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த மாதிரி நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது குடும்பத்தாரைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, சாவி யாரிடம் என்று கேட்பது அவள் வேலை. ஒருவரை விட்டதில்லை. அப்பா வீட்டில் மட்டும் கேட்கவில்லை. கேட்டால், சாகக் கிடக்கிறவரிடமும் சண்டைக்கு வந்துவிட்டாள் என்பார்கள்.

துப்பாக்கியையும் உறையையும் தன் சால்வையில் சுற்றினாள். டாரில் அவள் கைப்பையைத் திறந்து பிடித்தான். பிறகு குனிந்து தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டான்.

கதவு திறந்து அம்மா ஆர்லீன் வந்தாள். முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக இருந்தது. நேரே பெட்டியருகே போய்ப் போர்வையை நீவிவிட்டாள்.

"யாரு கலைச்சா இதை?"

"நான்தாம்மா. டையைச் சரிபண்ணேன்."

"அவருக்கு டை கட்டினாலே பிடிக்காது." அம்மா அவர் நெற்றியைத் தொட்டாள். "என் தங்கச்சி பெர்னிஸ் வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு வான்னு போன மாசம் என்னை விரட்டோ விரட்டுன்னு விரட்டினார். சரின்னு கிளம்பிட்டேன். பாதி தூரம்கூடப் போகல, பனி கொட்டி ரோட்டை மூடிட்டாங்க. திரும்பி வந்தா, மனுஷன் கராஜ்ல ஸ்டூலைப் போட்டுத் தனியா உக்காந்திருக்கார். என்னைப் பாத்ததும் சின்னப்புள்ள மாதிரி அழுதுட்டார்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "போ போன்னு சொன்னாரே தவிர, என்னை விட்டு ஒரு மணி நேரம் இருக்க முடியல பாரு."

"ஆமாம்மா," என்றாள் ஷானா.

வாசலில் ஆட்கள் பனி ஒட்டிய பூட்ஸை மிதியடியில் தட்டிக்கொண்டு உள்ளே வரத் தொடங்கினார்கள். முன்னால் கிளப்காரர்கள், எல்லோரும் ஒரே நீலச் சட்டையில். ஒவ்வொருவராக வந்து கை நீட்டினார்கள். டாரில் வலது கையை மூடியபடியே வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் இடது கையைக் கொடுத்தான்.