கணிதம்: ஆறு மணி நேரம்

பொய்யை எத்தனை அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்!

பாடப் பதிவேட்டில் போன மாதப் பக்கங்களைப் புரட்டினேன். மகள் மாவு பிசைந்த நாளில் ‘வேதியியல்’. ஜன்னல் திரை தைத்த நாளில் ‘வடிவியல்’. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். வாராவாரம் பதிவேட்டை நிரப்பிக் கையெழுத்துப் போடுவது பாடம் சொல்லித்தரும் என் வேலை. நாளை கல்வி அலுவலகத்திலிருந்து பார்க்க வருகிறார்கள்.

நாத்தனார் காலியாக இருந்த கட்டத்தில் விரலை வைத்தாள். “இதுல கணிதம் ஆறு மணி நேரம்னு போடுங்க அண்ணி.”

அந்த ஆறு மணி நேரமும் என் மகள் எங்கள் பிரார்த்தனைக் குழுவின் ஏழு பொடிசுகளை மேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. மூன்று மாதத்தில் பொதுத் தேர்வு. கணக்கில் பாதிப் புத்தகம் இன்னும் தொடவே இல்லை.

“சின்னதுங்களுக்கு ஒண்ணு ரெண்டு சொல்லித்தந்தா, அதுவும் கணக்குதானே?”

“மூக்கு சிந்தி விட்டேனே அத்தை, அது உயிரியலா?” பாத்திரம் துலக்கிக்கொண்டே மகள் கேட்டாள்.

“வாய் மட்டும் முதல் வகுப்புல பாஸாயிடும்!”

எனக்கும் சிரிப்பு வந்தது. மகள் சிரிக்கவில்லை.

“ஃபெயிலானா அடுத்த வருஷமும் இதேதானாம்மா?”

நான் பேனாவை எடுத்தேன். ‘கணிதம் – நடக்கவில்லை’ என்று எழுதினேன்.

நாத்தனார் தன் அண்ணனை, என் கணவரைக் கூப்பிட்டாள். அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்ன இது? பார்த்தாங்கன்னா ஸ்கூல்ல சேருங்கன்னுவாங்க.”

“சொல்லட்டுங்க.”

“அவ கடவுளுக்குத்தானே சேவை செய்யறா?”

“சேவைன்னே எழுதறேன். கணக்குன்னு எதுக்கு எழுதணும்?”

“உனக்கு நம்பிக்கை குறைஞ்சுபோச்சு.”

அது சுட்டது. தினமும் விடியலில் இவர்களோடுதான் நானும் கண்மூடி நிற்கிறேன். ஆனால் இவர்களுக்காக ஒரு நாளும் மூடியதில்லை. நான் மூடுவது யாருக்காகவோ, அவருக்கு இந்தப் பதிவேட்டைக் காட்டத்தான் இத்தனை நாளும் கூசியது.

கணவர் அந்தப் பக்கத்தைக் கிழித்தார். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து என் பக்கம் தள்ளினார். குரலைத் தணித்துக்கொண்டார்.

“நீ ஒண்ணும் எழுத வேணாம். அடியில கையெழுத்து மட்டும் போடு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

குழாய்ச் சத்தம் நின்றது. மகள் ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்றாள்.

“போட மாட்டேங்க,” என்றேன்.