பெர்னடெட் வைத்த புள்ளிகள்

கார்க் கம்பெனியின் கடிதத்தைத் தபால் பெட்டியருகில் நின்றபடியே படித்து முடித்த ஆல்டன் ஃபேரோ, அதை மடித்துக் கோட்டுப் பைக்குள் சொருகிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ஹார்லன் வாசலில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் அக்டோபர் வந்தால் போதும், இலை கூட்டுகிற சாக்கில் அடுத்த வீட்டுச் சங்கதி எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளலாம்.

"என்ன ஆல்டன், காரைத் திருப்பி வாங்கிக்கிறாங்களாமே?"

"ஆமா."

"அந்தக் கைக்குட்டையையும் சேத்து வாங்கிக்குவாங்களா?"

கைக்குட்டைக் கதை ஊருக்கே தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்த டீசல் காரை வாங்கிய புதிதில், சர்ச் விருந்தென்று நாலு பேர் கூடினால் போதும், ஆல்டன் எல்லோரையும் வாசலுக்கு இழுத்து வந்துவிடுவார். இன்ஜினை ஓடவிட்டு, வெள்ளைக் கைக்குட்டையைப் புகைக்குழாயில் பிடித்து, கொஞ்ச நேரம் கழித்து விரித்துக் காட்டுவார். ஒரு கரும்புள்ளி இருக்காது. "இதான் சுத்தமான டீசல்" என்பார். உள்ளே அவித்த பீன்ஸ் ஆறிக்கொண்டிருக்கும், எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஹார்லனின் பழைய பிக்கப் வண்டியைப் பார்த்தாலே அவருக்கு ஆகாது. ஊர் மூச்சைக் கெடுக்கிற வண்டி என்று அதன் சொந்தக்காரரிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

போன வருஷம் கம்பெனியின் குட்டு வெளிப்பட்டது. புகைப் பரிசோதனைக் கூடத்தில் மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்படி காருக்குள் ஒரு கள்ளத்தனத்தை வைத்து விற்றிருக்கிறார்கள். சாலைக்கு வந்துவிட்டால் அது சட்டம் சொன்ன அளவுக்குப் பல மடங்கு நச்சுக்காற்றைக் கக்கும். கரி இல்லை என்பது வாஸ்தவம். கைக்குட்டையில் ஒட்டாத விஷம் அது, கண்ணுக்கும் தெரியாது.

ஹார்லனின் கிண்டலை ஆல்டன் பொறுத்துக்கொண்டார். ஏமாந்தது வெட்கம்தான் என்றாலும், நாடு முழுக்க லட்சக்கணக்கான பேர் கூடச் சேர்ந்து ஏமாந்திருக்கிறார்கள். கூட்டத்தோடு வெட்கப்படுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

அந்தச் சௌகரியமும் செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான்.

காரை ஒப்படைக்க ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள், வண்டி ஓடியிருக்கிற மைலையும் எழுதுங்கள் என்று கடிதத்தில் கேட்டிருந்தார்கள். ஆல்டன் காருக்குள் வைத்திருந்த நோட்டை எடுத்து வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்தார். அவர் முப்பத்தைந்து வருஷம் நிலம் அளந்த சர்வேயர். அளக்காத பொருள் அவருக்குப் பொருளே அல்ல. அந்த நோட்டில் தேதி, மைல், வெளியே எத்தனை டிகிரி குளிர், காலையில் இன்ஜினை எத்தனை நிமிஷம் சூடேற்றினார் என்பது வரைக்கும் எழுதியிருந்தார். சூடேற்றினால் டீசல் எவ்வளவு கூடுதலாகச் செலவாகிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை.

அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், கார் நிறுத்துகிற கராஜுக்குள் வைத்து இன்ஜினை ஓட விடக்கூடாது, விஷப்புகை தேங்கிவிடும். வண்டியை வெளியே எடுத்து, பனியைச் சுரண்டி, குளிரில் நடுங்கிக்கொண்டே சூடேற்ற வேண்டும். ஆல்டன் மட்டும் கராஜ் கதவை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்துவிட்டு, உள்ளேயே இன்ஜினைப் போட்டுவிட்டு, கால் மணி நேரம் காபி குடிப்பார். சுத்தமான கார்தானே என்ற தைரியம். மனைவி பெர்னடெட் வந்து உட்காரும்போது இருக்கை கதகதவென்று இருக்க வேண்டும் என்ற அன்பும் உண்டு, இல்லையென்று சொல்லிவிட முடியாது. கராஜுக்கு நேர் மேலே அவர்கள் படுக்கையறை.

இரண்டாவது குளிர்காலத்தில் பெர்னடெட்டுக்கு இருமல் வந்தது. கீழேயிருந்து ஏதோ வாசனை வருகிறது, தொண்டை எரிகிறது என்றாள். ஆல்டன் சுவரிலிருந்த விஷவாயு அலாரத்தின் சோதனைப் பொத்தானை அமுக்கிக் காட்டினார். அது கீச்சென்று கத்தியது. நன்றாக வேலை செய்கிற அலாரம் ஒரு நாளும் தானாகக் கத்தவில்லையே, அப்புறம் என்ன வாசனை என்று கேட்டார். அந்த அலாரம் காத்திருந்தது கார்பன் மோனாக்சைடுக்கு, இந்தக் கார் கக்கிய நச்சு அதற்குத் தெரியாது. பிறகு அவரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார். பூனை. டூலி என்ற அந்தக் கிழட்டுப் பூனையை அதே காரில் ஏற்றிக்கொண்டுபோய் பெர்னடெட்டின் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தார். இருமல் நிற்கவில்லை. தலையணையை மாற்றினார்கள், கம்பளத்தைப் பிய்த்தெறிந்தார்கள். வயதான பிறகு வருகிற ஆஸ்துமா என்று டாக்டர் சொன்னதும் ஆல்டனுக்கு நிம்மதியாகிவிட்டது, வயதின் மேல் பழி போட்டால் அது எதிர்த்துப் பேசாது. பெர்னடெட் சர்ச் பாடகர் குழுவிலிருந்து விலகினாள். நீட்டிப் பாடினால் மூச்சு முட்டுகிறது என்றாள். உன் குறட்டை தாங்கவில்லை என்று சொல்லிப் படுக்கையைப் பின்னறைக்கு மாற்றிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை, நாள் குறிப்பதற்காக ஆல்டன் தலையைத் தூக்கிக் காலண்டரைப் பார்த்தார். வருஷம் முழுவதையும் ஒரே தாளில் அச்சிட்ட அந்தக் காலண்டர் காபிக் கோப்பைகள் தொங்குகிற கொக்கிகளுக்குப் பக்கத்தில், அவர் கண் மட்டத்துக்கு ஓர் ஆணியில் தொங்கியது. சில தேதிகளுக்கு அடியில் பென்சில் புள்ளிகள் இருந்தன. அவற்றை அவர் வருஷக்கணக்காகப் பார்த்துவருகிறார். இருமல் வந்த நாளைக் குறிக்கச் சொல்லி டாக்டர் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கையில் நோட்டு விரிந்திருந்ததால் கண் தானாக அங்கும் இங்கும் போய்வந்தது. ஜனவரி ஐந்து, ஆறு, பன்னிரண்டு, பத்தொன்பது. நோட்டிலும் ஐந்து, ஆறு, பன்னிரண்டு, பத்தொன்பது, கால் மணி நேரம் சூடேற்றியது.

பழைய காலண்டர்களையும் பெர்னடெட் அதே ஆணியில்தான் மாட்டி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார். கோடைக்காலத்தில் ஒரு புள்ளி கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முந்திய பிப்ரவரியில், நல்ல குளிரில், பத்து நாள் சேர்ந்தாற்போல் வெறுமையாகக் கிடந்தது. நோட்டைப் புரட்டினார். அந்தப் பத்து நாளும் நில எல்லைத் தகராறு ஒன்றுக்காகக் காரை எடுத்துக்கொண்டு வடக்கே போயிருந்தார்.

ஊரான் நிலத்தில் ஓர் அங்குலம் பிசகினால் கண்டுபிடிக்கிற ஆள், தன் வீட்டு மாடியில் நடந்ததை ஐந்து குளிர்காலம் அளக்காமல் விட்டிருக்கிறார். கம்பெனி பொய் சொன்னது உண்மை. கதவை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்ததும், அலாரத்தை அமுக்கி அவள் வாயை அடைத்ததும், குட்டு வெளிப்பட்ட பிறகும் பழக்கத்தை விடாமல் உள்ளேயே சூடேற்றியதும் கம்பெனி செய்த வேலையில்லை.

அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் செய்தது வேறு. காலண்டர்களை இருந்த வரிசையிலேயே மாட்டிவிட்டு, நோட்டைக் கொண்டுபோய்க் காரின் முன் சீட்டுக்கு அடியில் திணித்தார். கார் போகிற இடத்துக்கு அதுவும் போய்த் தொலையட்டும் என்று நினைத்தார்.

சனிக்கிழமை இருவரும் மாற்றுக் கார் பார்க்கப் போனார்கள். ரெனே பூஷேயின் பழைய கார்க் கடை ஆற்றங்கரைச் சாலையில் இருக்கிறது. ஆல்டன் பதினோரு வண்டிகளை ஒப்பிட்டு ஒரு பட்டியல் போட்டிருந்தார், ஆனால் அதைப் பையிலிருந்து எடுக்கவில்லை. ரெனே முதல் வண்டியின் கூரையைத் தட்டி, இது பேட்டரியிலும் ஓடும் பெட்ரோலிலும் ஓடும், ரொம்பச் சுத்தமான வண்டி என்று ஆரம்பித்தார். சுத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் ஆல்டன் தரையைப் பார்த்தார். முன்பானால் ரெனேவுக்கே பாடம் எடுத்திருப்பார்.

பெர்னடெட் ரெனே சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்ஜினைப் போடச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனாள். கழுத்துத் துண்டை மூக்கிலிருந்து இறக்கிவிட்டு, குனிந்து, மூச்சை இழுத்தாள். இருமினாள். அடுத்த வண்டிக்குப் போனாள். அங்கேயும் அப்படியே. அறுபது வயதுப் பெண்பிள்ளை காருக்குக் கார் குனிந்து மோந்து பார்ப்பதை ரெனே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். ஆல்டனால் பார்க்க முடியவில்லை.

ஐந்தாவது, ஒரு சின்னப் பச்சைப் பெட்ரோல் கார், கதவில் ஒரு நசுங்கல்.

"இதுவும் நாறத்தான் செய்யுது" என்றாள். "ஆனா நாறுறத ஒத்துக்குது. சாவியக் குடுங்க, ஓட்டிப் பாக்குறேன்."

ஆல்டன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். அவளுக்குப் பக்கத்தில் அப்படி உட்கார்ந்து எத்தனையோ வருஷமாயிற்று, எப்போதும் அவர்தான் ஓட்டுவார். பாலம் தாண்டியது, மரக்கடை தாண்டியது. சொல்லாமல் இருந்துவிடலாம், அவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நெஞ்சு ஒரு பக்கம் சொன்னது. அவள் மறுபடி இருமினாள்.

"பெர்னி, உன் இருமலுக்குக் காரணம் நான்தான்."

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"நோட்டையும் காலண்டரையும் சேத்து வச்சுப் பாத்தேன். நான் உள்ள வச்சுச் சூடேத்துன அன்னிக்கெல்லாம் புள்ளி இருக்கு."

"எப்பப் பாத்த?"

"செவ்வாக்கெழம."

"செவ்வாக்கெழம" என்று அவளும் ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். "இந்தச் செவ்வாக்கெழமதானா?"

"டாக்டர் குறிக்கச் சொல்லியிருப்பாருன்னு இருந்துட்டேன்."

பெர்னடெட் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். கோபமாகப் பேசியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கடைக் கணக்குச் சொல்வதைப் போலச் சொன்னாள்.

"டாக்டர் ஒண்ணும் கேக்கல, ஆல்டன். அந்தப் புள்ளியெல்லாம் உனக்காக வச்சது. வாயால நாலு தடவ சொன்னேன், நீ அலாரத்த அமுக்கிக் காட்டுன. பூனையக் கொண்டுபோய் விட்ட, அதுவும் என்னத் தேடித் தேடியே செத்துச்சாம். பொண்டாட்டி சொன்னா நம்ப மாட்டான், அளந்து காட்டுனா நம்புவான்னு நெனச்சேன். அதான் நீ தெனமும் காபிக் கோப்ப எடுக்கற எடத்துல, உன் கண்ணுக்கு நேரா மாட்டுனேன். ஒவ்வொரு குளிர்காலமும் இந்த வருஷம் பாத்துருவான், பாத்துருவான்னு இருந்தேன்."

ஏன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டவில்லை என்ற கேள்வி ஆல்டனின் நாக்கு நுனிவரை வந்தது. அதைக் கேட்டால் அதுவும் அவள் தலையில் பழி போடுகிற வேலைதான் என்று அவருக்கே தெரிந்ததால் விழுங்கிக்கொண்டார். மன்னிச்சுக்க என்றார். அந்த வார்த்தை போதாது என்பது வாயிலிருந்து வெளியே வரும்போதே தெரிந்தது.

"இந்தக் கார வாங்கிக்கலாம்" என்றாள் பெர்னடெட். "கராஜுக்குள்ள வராது."

நவம்பரில் டீசல் காரை ஒப்படைத்தார்கள். கம்பெனி ஆள் சாவியை வாங்குவதற்கு முன்னால் ஆல்டன் சீட்டுக்கு அடியில் கையை விட்டு நோட்டை எடுத்துக்கொண்டார். அதைக் கொண்டுவந்து, ஓட்டை போட்டு, காலண்டர்கள் தொங்கிய அதே ஆணியில் மாட்டினார். யார் வந்து புரட்டினாலும் புரட்டட்டும் என்று விட்டுவிட்டார். ஹார்லன் ஒரு நாள் காபி குடிக்க வந்தபோது அவரே எடுத்துக் காட்டினார். ஹார்லன் இரண்டு பக்கம் புரட்டினார், அதற்கப்புறம் கைக்குட்டையைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. கிண்டல் நின்றுபோனது கிண்டலைவிட வலித்தது.

ஜனவரியில் தானியக் கடைக்காரர் புதுக் காலண்டர் கொடுத்தார். பெர்னடெட் அதை மாட்டிவிட்டு, நூலில் கட்டிய பென்சிலை ஆல்டனிடம் நீட்டினாள்.

"இனிமே நீ வை."

"இருமல் நின்னுடும்தானே, பெர்னி? கார்தான் போயிடுச்சே."

"ரொம்பக் கொறையலாம், முழுசா நிக்காதுன்னு டாக்டர் சொல்றாரு. நீ வச்சுப் பாரு."

அதிலிருந்து ஆல்டன் விடிந்ததும் முதலில் வெளியே போய்ப் பச்சைக் கார் மேலிருக்கிற பனியைச் சுரண்டுவார். விரல் மரத்துப் போகும். உள்ளே வந்து, காபி போடாமல், பூட்ஸைக்கூடக் கழற்றாமல், பின்னறைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு காலண்டர் முன்னால் நிற்பார். முதல் நாள் சத்தம் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் பென்சிலைக் கீழே விட்டுவிட்டுக் கோப்பையை எடுக்கக் கை நீட்டினார்.

பின்னறையில் பெர்னடெட் இருமினாள். ஆல்டன் கோப்பையை விட்டுவிட்டுப் பென்சிலை எடுத்துப் புள்ளி வைத்தார்.