கடைசி அறையில் இருந்த சீர்

பீரோ சாய்ந்தது நாமக்கல்லிலிருந்து ஜேடர்பாளையம் போகும் வழியில் இருக்கும் வேலுமணியின் சாமான் குடோனில். விலா எலும்பு முறிந்தது சத்தீஸ்கரில் போர்வெல் லாரிக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த காளியண்ணனுக்கு. பீரோ அவருடையது. அவர் மேல் ஒரு துரும்பும் விழவில்லை. ஆனாலும் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்த அந்த ஊர் டாக்டர், கனமான இரும்புச் சாமான் ஏதோ பக்கவாட்டில் அழுத்தியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். வருஷத்தில் பாதியை வடக்கே கழிக்கிறவர் என்பதால் காளியண்ணன் திருச்செங்கோட்டு வீட்டைக் காலி செய்து, தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் வேலுமணியிடம் வாடகைக்கு அறை எடுத்துப் போட்டிருந்தார். பீரோ சாய்ந்த நேரமும் எலும்பு முறிந்த நேரமும் ஒன்றுதான் என்று போனில் பேசியபோதுதான் இருவருக்கும் தெரிந்தது.

அந்தக் குடோன் முன்பு முட்டைக்கோழிப் பண்ணையாக இருந்தது. ஒரு கோடையில் சீக்கு வந்து கோழியெல்லாம் போன பிறகு, வேலுமணி கூண்டுகளைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, கொட்டகைகளை ஹாலோ பிளாக் வைத்துத் தடுத்து, ஒவ்வொரு தடுப்புக்கும் ஒரு ஷட்டர் மாட்டினார். போர்வெல் ரிக் வண்டிக்காரர்கள் வந்தார்கள். பிள்ளையின் பிளஸ் டூ படிப்புக்காகப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறைக்குக் குடிவந்தவர்கள் மிச்சச் சாமானைக் கொண்டுவந்தார்கள். சேலம் அஸ்தம்பட்டி வீட்டை விற்றுவிட்டு மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்த சுப்பம்மாள் டீச்சர் வந்தார். பாதுகாப்பு என்று எதுவும் அங்கே கிடையாது. கூரை முட்ட அடுக்குவார்கள். நடைபாதை முழுக்கப் பழைய முட்டை அட்டைகள். தீயணைப்புக்கு வைத்த மணல் வாளியில் சுமைதூக்குகிறவர்கள் வெற்றிலை துப்பி வைத்திருந்தார்கள். கேட்டால், சாமானுக்கு உயிரா இருக்கிறது என்பார் வேலுமணி.

காளியண்ணனின் விலா முறிந்த பிறகு அவர் அப்படிச் சொல்வதை நிறுத்திக்கொண்டார். சுப்பம்மாள் டீச்சருக்குக் காலெல்லாம் அரிப்பு என்று சேதி வந்தது. அவர் அறையைத் திறந்தால் புத்தக அலமாரியின் கால்களில் கரையான். அவசரப்பட்டு மருந்து அடித்தார்கள். அதே நேரத்தில் சேலத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் டீச்சர் இலைக்கு முன்னாலேயே மயங்கி விழுந்தார். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, வேலுமணி நன்றாகவே பயந்துவிட்டார். அத்தனை பேருடைய உடம்பும் தன் ஷட்டர்களுக்குள் கிடக்கிறது என்றால் யாருக்குத்தான் பயம் வராது?

அந்த மாதமே குடோன் திருந்தியது. இடுப்புக்கு மேல் அடுக்கக்கூடாது என்றானது. நடைபாதை காலியானது, வயரிங் புதிதானது, எலி நுழையாதபடி வலை அடித்தார்கள், காற்று இழுக்கும் ஃபேன் வைத்தார்கள். லாரியில் தீவன மூட்டையை வீசிப் பழகிய ஆட்கள் தையல் மிஷினைக் கைக்குழந்தை மாதிரி இறக்கி வைத்தார்கள். வாடிக்கையாளர்களும் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் தங்கள் பெட்டியை ஃபேனுக்குக் கீழே நகர்த்தச் சொன்னார்கள். மூட்டு ஆபரேஷனுக்கு நாள் குறித்த ஒருவர், முந்தின வாரமே வந்து கட்டில் கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்துவிட்டுப் போனார். தீயணைப்பு நிலையத்திலிருந்து பார்க்க வந்தவர்கள் மாவட்டத்திலேயே இப்படி ஒரு குடோன் இல்லை என்று பாராட்டினார்கள்.

ஆனால் கடைசி அறையை யாரும் தொடவில்லை. பழைய கொட்டகையின் கோடியில், ஆஸ்பெஸ்டாஸ் விரிசல் விட்டு ஒழுகும் அந்த அறையில் வேலுமணியின் ஒரே மகள் தனப்பிரியாவின் சீர் இருந்தது. தேக்குக் கட்டில், பீரோ, இலவம்பஞ்சு மெத்தை, கிரைண்டர், பித்தளைப் பாத்திரம் என்று ஊரே பார்க்க வண்டியில் ஏற்றிக் கொடுத்த சீர். பெங்களூரில் அவளும் மாப்பிள்ளை நிலவனும் குடியிருந்த ஃப்ளாட்டில் மெத்தையை விரிக்கக்கூட இடம் இல்லை. அப்பன் வீட்டில் வைக்கலாம் என்றால், கொடுத்த சீர் பிறந்த வீட்டு வாசல்படி ஏறுவது பெண் வாழாமல் திரும்பி வந்தால் மட்டும்தான். அதனால் குடோனுக்கு வந்தது. ஒழுகும் அறையை வெளியாளுக்கு வாடகைக்கு விட முடியாது. நம் பிள்ளை சாமான்தானே, கோபித்துக்கொள்ளவா போகிறது என்று வேலுமணி அதில் போட்டுப் பூட்டினார்.

அடுத்த மழைக்காலத்தில் தனப்பிரியாவுக்கு இருமல் ஆரம்பித்தது. ஒவ்வாமை என்றார்கள், பால்கனிப் புறா என்றார்கள், கையில் இன்ஹேலரைக் கொடுத்தார்கள். தாய் சென்னியம்மாள் திப்பிலி இடித்து அனுப்பினார், கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். பெங்களூர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் வேலுமணி. ஊரார் சாமானுக்கெல்லாம் நாடி பிடித்துப் பார்த்த மனிதருக்கு இது மட்டும் தோன்றவே இல்லை. வாடகை வாங்குகிற அறைகளுக்குத்தான் இந்த வம்பு என்று அவர் மனதில் எப்படியோ பதிந்துபோயிருந்தது.

ஐப்பசி அடைமழையில் ஒரு மத்தியானம் நிலவன் போன் செய்தான். தனப்பிரியாவை ஐசியூவில் சேர்த்திருக்கிறது, நுரையீரலில் தண்ணீர் கோத்திருக்கிறது, எங்கிருந்து வருகிறது என்று டாக்டர்களுக்கே புரியவில்லை என்றான். வேலுமணி அப்போது நடைபாதையில் நின்றிருந்தார். கோடியிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சத்தம் கேட்டது. போனைக் காதில் வைத்தபடியே போய் ஷட்டரைத் தூக்கினார். உள்ளே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். பீரோ முழுக்க வெள்ளையாய்ப் பூஞ்சை. கட்டிலில் சுருட்டி வைத்த மெத்தை ஊறி உப்பிக் கிடந்தது. அவர் அதன் ஓரத்தை அழுத்தினார். தண்ணீர் கொட்டியது.

"மாமா, தண்ணி தண்ணியா வாந்தி எடுக்கறாளுங்க!" என்று போனில் நிலவன் கத்தினான்.

வேலுமணி கையை எடுத்துவிட்டார். பெற்ற மகளின் நெஞ்சில் தானே தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்தது. அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆட்கள் வந்து தூக்கி நிறுத்தினார்கள். காலி அறை ஒன்றுகூட இல்லை. யார் சாமானை மழையில் இறக்கி வைத்தாலும் அவருக்கு அங்கே ஜன்னி காணும். ஈரமில்லாத இடம் என்றால் அவர் வீடு ஒன்றுதான். டெம்போவில் தார்ப்பாய் கட்டி, நோயாளியைத் தூக்குவதுபோல ஒவ்வொன்றாய் ஏற்றி, ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டிப் போனார்கள். அப்படியும் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது, மகள் முதுகு வலிக்கிறது என்று அலறுவது நிலவனின் போனில் கேட்டது.

வாசலில் சென்னியம்மாள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மறித்தார்.

"ஏனுங்க, குடுத்த சீரு திரும்பி ஊட்டுக்குள்ள வாரதாவது? புள்ள வாழாம வந்துட்டாளுன்னு ஊரே பேசுமுங்க. நான் உடமாட்டேன்."

"பேசட்டும் புள்ள. அவ மூச்சு உட்டாப் போதும்."

சென்னியம்மாள் அசையவில்லை. அக்கம்பக்கத்தார் குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். மெத்தையைத் திருப்பி அனுப்பத் தள்ளுவதற்காகத்தான் அவர் அதன் மேல் கையை வைத்தார். அந்த மழையிலும் அது கொதித்தது. பள்ளிக்கூடம் போகும் வயதில் மகளுக்குக் காய்ச்சல் கண்டால் நெற்றி எப்படிச் சுடுமோ அந்தச் சூடு. மெத்தையின் ஒரு முனையைத் தானே பிடித்து, கூடத்துக்குள் பின்பக்கமாகவே நடந்து போனார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

பஞ்சைப் பிரித்து, அடிக்காமல் விரலாலேயே கோதி, அடுப்பு அனலில் காயவைத்தார்கள். பீரோவைக் கணவனும் மனைவியுமாய்த் துணியால் ஒற்றி எடுத்தார்கள். மகள் ஐசியூவை விட்டு வெளியே வந்தாள், பிறகு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தாள். அதற்குள் சீர் திரும்பிய சேதி பரமத்தி வரைக்கும் போய்விட்டது. சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு, மழையோடு மழையாக வந்து சேர்ந்தார்கள். கூடம் நிறையச் சாமான். உட்கார இடம் தேடி, பெரியவர்கள் இருவர் தேக்குக் கட்டிலின் மேல் கையை ஊன்றினார்கள்.

"கட்டில்ல மட்டும் உக்காந்துக்காதீங்க சாமி," என்றார் சென்னியம்மாள். "புள்ளைக்கு நெஞ்சு அடைக்குமுங்க."

வந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள், கட்டிலைப் பார்த்தார்கள். கேட்க வந்ததை யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருவராய்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்கள். வேலுமணியின் அக்கா மட்டும், மெத்தைக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த தன் ஈரக் குடையைச் சொட்டாமல் எடுத்துக்கொண்டுபோய் வெளியே வைத்துவிட்டு வந்தார்.