இடைவெளிக்கு ஒரு பதில்

அப்பா போன பிறகு நான் சென்ற முதல் நேர்முகத் தேர்வில், எதிரே இருந்தவர் என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "நடுவுல இத்தனை வருஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார்.

சொல்ல ஆரம்பித்தேன். அப்பா குளியலறையில் விழுந்தது, பக்கவாதத்தில் வலது பக்கம் முழுக்க மரத்துப்போனது, முதுகில் புண் வராமலிருக்க ராத்திரியெல்லாம் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தது, அதற்காக நான் சாப்ட்வேர் வேலையை விட்டது. எதிரே இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

வெளியே வரவேற்பறையில் முறை வருவதற்காகக் காத்திருந்த ஒரு பெண் கைக்குட்டையை நீட்டினாள். ஒல்லி உடம்பு, படபடவென்று பேச்சு.

"உள்ள ரொம்பப் படுத்திட்டாங்களாக்கா? நான் இன்னும் போகவே இல்ல, இப்பவே பயமா இருக்கு."

அவள் முடித்துவிட்டு வரும்வரை ஏனோ அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை. பேருந்து நிறுத்தம்வரை சேர்ந்து நடந்தோம்.

"ஆபீஸ்ல எல்லாரும் என்னைக் குருவின்னுதான் கூப்பிடுவாங்க" என்றாள்.

"எந்த ஆபீஸ்?"

"அத விட்டாச்சுக்கா" என்று பேச்சை மாற்றினாள்.

மறுநாளிலிருந்து மாலையானால் அவளிடமிருந்து போன் வரும். ஒருநாள் அவள் கேள்வி கேட்பாள், நான் தேர்வுக்கு வந்தவள். மறுநாள் தலைகீழ். சாப்ட்வேர் வேலைக்கான தேர்வுகளில் விடை மட்டும் போதாது. யோசிப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நானும் ஆளில்லாத கூடத்தில் நடந்துகொண்டே, "இந்த வழியில போனா மெதுவாகும், அதனால வேற வழி பார்க்கறேன்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "வீட்டுக்கு யாரும் வந்திருக்காங்களா?" என்று கேட்டாள். "இல்லை, வேலைக்குப் படிக்கறேன்" என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால், அந்த போன் வரும்வரை அந்த வீட்டில் என் குரலே எனக்குக் கேட்காது. அப்பா இருந்தவரை, பதில் வராவிட்டாலும், பேசிக்கொண்டே இருந்து பழகிவிட்டது.

என் இடைவெளிக் கேள்வியைக் குருவி தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

"கதை கேக்க அவங்களுக்கு நேரம் கிடையாதுக்கா. சோகம் துளியூண்டு, பொறுப்பு நிறைய. டக்குனு வேலைக்கு வந்துடணும். வெட்டுங்க."

வெட்டினோம். குளியலறை போனது. முதுகுப் புண் போனது. நாள் கணக்கில் செதுக்கிச் செதுக்கிக் கடைசியில் ஒன்று தேறியது: "அப்பாவைக் கடைசிவரைக்கும் பார்த்துக்கிட்டேன். பொறுமைன்னா என்னன்னு அந்தக் கட்டில் பக்கத்துலதான் கத்துக்கிட்டேன். இப்ப முழு மனசோட திரும்பி வந்திருக்கேன்."

"சூப்பர்க்கா! இதுக்கு மேல ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டான்" என்றாள் குருவி. எனக்கு மட்டும் அப்பாவை மடித்துப் பையில் வைத்துவிட்டதுபோல் இருந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரே நிறுவனத்திலிருந்து எங்கள் இருவருக்கும் அழைப்பு வந்தது. இருந்தது ஒரே இடம். "யாருக்குக் கெடச்சாலும் சந்தோஷம்தான்கா" என்றாள். அவளுக்குக் காலையில், எனக்கு மதியத்துக்கு மேல்.

கண்ணாடிச் சுவர் அறை. கண்ணாடி போட்ட மேலாளர் அம்மாவும் ஓர் இளைஞரும் இருந்தார்கள். ஒரே இருக்கையை ஒரே நேரத்தில் நிறையப் பேர் பதிவு செய்தால் ஏன் கணக்கு குழம்புகிறது என்று கேட்டார்கள். பலகையில் வரைந்து காட்டினேன். இளைஞர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். வேலை கைக்கு எட்டிவிட்டது என்றே நினைத்தேன். அப்போது அந்த அம்மா இடைவெளியைப் பற்றிக் கேட்டார். செதுக்கி வைத்ததைச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கட்டில் பக்கத்துல கத்துக்கிட்டேன்னு காலைல ஒரு பொண்ணும் சொன்னாங்க. வார்த்தை மாறாம. எல்லாரும் ஒரே எடத்துல இருந்து எடுக்கறீங்களா?"

காலையில் வந்தவள் குருவி. எல்லாவற்றையும் போட்டு உடைத்திருக்கலாம். உடைத்தால் குருவியின் பிழைப்பில் மண் விழும். உடைத்தாலும் நம்புவார்களா என்ன?

"அது எங்கப்பா" என்று மட்டும் சொன்னேன்.

"அவங்களும் அப்படித்தான் சொன்னாங்க" என்றார் இளைஞர். கிண்டல்கூட இல்லை, அலுப்புத்தான்.

வழக்கமான நேரத்துக்குப் போன் வந்தது.

"உங்கப்பாவுக்கு என்ன, குருவி?"

"நல்லா இருக்காருக்கா. ஊர்ல கடை வெச்சிருக்காரு."

"அப்புறம்?"

"என்னைய வேலைய விட்டுத் தொரத்தினாங்கக்கா. வெளிய வந்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அதச் சொன்னதுமே ஒவ்வொருத்தர் மொகமும் மாறிடுது. உங்க கதையச் சொன்னா யாரும் மேல நோண்ட மாட்டாங்க. உங்களுக்கும் அங்கதான்னு தெரிஞ்சும், அந்த நேரத்துல வாயில அதுதான் வந்துச்சுக்கா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

போனை வைத்தேன். அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. முதலில் சொன்னவள் அவள்தானே. "மன்னிச்சிடுங்கக்கா" என்று ஒரு செய்தி வந்தது. தொடர்ந்து பல மாலைகள் போன் அடித்தது, நான் எடுக்கவில்லை. பிறகு அடிப்பது நின்றுவிட்டது.

கோபம் கரைந்த பிறகும் பழக்கம் விடவில்லை. அந்த நேரமானால் கூடத்துக்கு வந்துவிடுவேன். நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லிப் பார்த்தேன், பாதியில் வெட்கமாகிவிடும். ஒரு மாலை மனசு கேட்காமல் நானே அவளை அழைத்தேன். "மீட்டிங்ல இருக்கேன்கா, அப்புறம் கூப்பிடறேன்" என்று கிசுகிசுத்தாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

அடுத்ததாக, பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் அழைத்தார்கள். அங்கும் அந்தக் கேள்வி வந்தது. செதுக்கிய வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன. யாரோ போட்டுக் கழற்றிய சட்டை மாதிரி இருந்தது.

"அப்பா படுத்த படுக்கையா இருந்தாரு, பார்த்துக்கிட்டேன். அதைப் பத்தி அழகாச் சொல்ல எனக்கு வரல சார். வேலையைப் பத்திக் கேளுங்க" என்றேன்.

கேள்வி கேட்டவர் தன் கணினியை என் பக்கம் திருப்பி, "எங்க ஆளுங்களே முழிக்கறாங்க. இதுல தப்பு எங்கன்னு பாருங்க" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

வேலை கிடைத்த செய்தி வந்ததும் வெளியூரில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்தேன். "சூப்பர்க்கா" என்றவன், வேறு அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டான். இன்னும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. போனில் இருந்த பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, குருவிக்கே எழுதினேன்: "எனக்கும் வேலை கிடைச்சிடுச்சு."

உடனே படித்துவிட்டாள். ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகத் திரையில் காட்டியது. நின்றது. மறுபடியும் எழுதினாள். மறுபடியும் நின்றது. கொஞ்ச நேரம் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதல் நாளுக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டிய துணியை இஸ்திரி போட எழுந்தேன்.