ஆடியில் விழுந்த கல்யாணம்

"ஏம்மா யுவராணி, ஆடில போயி தங்கச்சிக்குக் கல்யாணம் வச்சிருக்கீகளே, உங்க வீட்டுல பெரியவுக யாரும் சொல்லலையா?"

காலையில் போனை எடுத்ததும் வீரபத்திரன் அண்ணன் கேட்ட கேள்வி இது. ராமநாதபுரத்தில் அவருடைய கல்யாண மண்டபத்துக்கு வெப்சைட் செய்து கொடுத்தவர்கள் நானும் என்னோடு தொழில் பார்க்கும் வினோத்குமாரும். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்னண்ணே பேசுறீக? கனகலட்சுமிக்கு ஆனில. ஜூன் இருபத்தெட்டு. பாதி ஊருக்குப் பத்திரிகை வச்சாச்சு."

"நீங்க செஞ்ச காலண்டர் ஜூலை இருபத்தெட்டுன்னுல்ல காட்டுது? நீங்கதான் மாத்திட்டீகன்னு, ஜூன் இருபத்தெட்ட ஹசன் அலி பாய் மக நிக்காஹ்வுக்குக் குடுத்துட்டேன். ஆனாலும் ஆடியாச்சேன்னு மனசு கேக்கல. அதான் கூப்பிட்டேன்."

அட பாவி மனுசா, வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் கேட்டிருக்கக் கூடாதா? அந்தத் தேதிக்கு ஊரில் வேறு மண்டபம் கிடைக்காது. இதைக் கேட்டால் அம்மா படுத்துவிடுவாள்.

லேப்டாப்பைத் திறந்தேன். சோதனைக்காக என் தங்கையின் தேதி ஒன்றை மட்டும்தான் ஏற்றியிருந்தோம். சர்வரில் அது ஜூன் இருபத்தெட்டாகத்தான் இருந்தது. காலண்டரில் மட்டும் ஜூலை. நடுவில் எங்கேயோ சறுக்கியிருக்கிறது. வினோத் எழுதிய புரோகிராமைப் பார்த்ததும் விளங்கியது. சர்வரிலிருந்து வருஷம், மாதம், நாள் மூன்றையும் தனித்தனி எண்ணாக எடுத்து, பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டுக்குள் அப்படியே அச்சடித்திருந்தான். சர்வருக்கு ஜூன் என்றால் ஆறு. ஜாவாஸ்கிரிப்டோ ஜனவரியைப் பூஜ்ஜியம் என்று எண்ணத் தொடங்குகிற பிறவி. அதற்கு ஆறு என்றால் ஜூலை.

"ஏலே வினோத்! என் தங்கச்சிய ஆடில கொண்டுபோயி தள்ளிட்டியே!"

"ஒன்னக் கழிச்சு விட்டா சரியாயிரும்," என்றான் போனில், தூக்கக் கலக்கத்தில்.

"கழிக்கிறதெல்லாம் வேணாம். நாளைக்கு வேற யாராவது கூட்டி வைப்பான். தேதிய உடைக்காம முழுசா, ஜேசன் ஃபார்மேட்டுல அனுப்பு. பிரவுசரே படிச்சுக்கிறட்டும்."

சொன்னபடியே மாற்றினான். காலண்டர் பத்தே நிமிஷத்தில் சரியாகிவிட்டது. கொடுத்த வாக்கை யார் மாற்றுவது? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, திருப்புல்லாணி தாண்டி, பெரியபட்டினத்தில் ஹசன் அலி வீட்டுக்குப் போனேன். காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்றுதான் போனேன். வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்தேன். வாசலில் நின்றதும் எல்லாம் மறந்துபோனது.

"மாமா, மண்டபத்து வெப்சைட்டு எங்களது. ஜூன் இருபத்தெட்டு காலியில்ல. தப்பா காட்டிருச்சு. ஜூலை இருபத்தெட்டுதான் காலி…"

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சத்தம் போடப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்னம்மா சொல்ற? ஜூலை காலியா? அல்ஹம்துலில்லாஹ்! நான் மொதல்ல கேட்டதே அதத்தாம்மா! மாப்பிள்ளைக்கு சவூதில லீவு ஜூலை இருபதுக்கு மேலதான். பாவம், ஜூன்ல விடச்சொல்லி மொதலாளிகிட்டக் கெஞ்சிக்கிட்டுக் கெடக்காரு. எங்களுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன?"

அப்பாடா! அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, சிரிப்பும் வந்தது.

வீரபத்திரன் அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஆடி முழுக்கப் பூட்டிக் கிடக்கும் மண்டபத்துக்கு ஒரு கல்யாணம் வந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"அந்தத் தேதிய யாரோ கனகலட்சுமி புடிச்சுக்கிட்டான்னு மண்டபத்துல சொன்னாகம்மா," என்றார் ஹசன் அலி, டீயை என் கையில் கொடுத்தபடி. "ஆடில எவ கல்யாணம் பண்ணுவான்னு வீடே அவளத் திட்டிக்கிட்டு இருக்கு."

"அது என் தங்கச்சிதான் மாமா."

மனுஷர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார்.

"ஏய், அந்தப் புள்ளயத் திட்டுறத நிறுத்துங்க! அவுக அக்கா வந்திருக்கு! ஜூன் இருபத்தெட்டுக்கு எல்லாரும் கெளம்பணும், அவ கல்யாணத்துக்கு!"