பதினாலாம் நம்பர் ரத்தம்

கேட்டுக்கு வெளியே நின்ற பெண்பிள்ளையை செக்யூரிட்டிக்காரர் தெருமாட்டை விரட்டுகிற மாதிரி விரட்டிக்கொண்டிருந்தார். "இவிடெ நின்னு பகளம் வேண்டா, பொய்க்கோ, பொய்க்கோ" என்று மலையாளத்தில் அதட்டிக் கம்பை ஆட்டினார். அவள் போகிற வழியாக இல்லை. ஆட்டோவிலிருந்து இறங்கிய அஜிதாவின் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்குவதைப் பார்த்ததும் ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"எம்மா, நீங்க தமிழா?"

அஜிதா தமிழ்நாட்டு எல்லையோரத்துப் பாறசாலைக்காரி. திருவனந்தபுரத்தில் யாராவது இப்படிக் கேட்டால் அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஆனாலும் ஆமென்று தலையசைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு இங்கதாம்மா ரத்தம் குடுக்க வந்தாவ. பிச்சுமணின்னு பேரு. தம்பானூர் ஓட்டல்ல எல எடுக்காவ. பெரியாஸ்பத்திரில கெடக்காவம்மா. மேலெல்லாம் கொப்புளம், உதடு வெந்துபோச்சு, தண்ணி எறங்க மாட்டேங்கு. என்ன மாத்திர குடுத்தாவன்னு டாக்டரம்மா கேக்காவ. பேர மட்டும் சொல்லுங்க, நான் போயிருதேன்."

அவள் பெயர் சுடலைமாடத்தி. ஒரு வார்த்தைதான் கேட்டாள். அந்த வார்த்தை அஜிதாவுக்கு நாக்கின் நுனியில் இருந்தது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்: பரிசோதனையில் இருக்கிற மருந்தின் பெயர் வெளியே போகக் கூடாது.

"நில்லுங்க அக்கா, நான் சாருக்கிட்ட கேட்டிட்டு வாறேன்" என்று உள்ளே போனாள்.

அந்த இடத்தில் நடந்துகொண்டிருந்த தொழிலைச் சொல்லிவிடலாம். புதிதாக மாத்திரை தயாரிக்கிற கம்பெனி, பழைய மாத்திரைக்குத் தங்கள் சரக்கு ஒன்றும் குறைந்ததல்ல என்று அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டும். அதற்காக நோய்நொடி இல்லாத ஆட்களைப் பிடித்துவந்து ஒருமுறை பழையதைக் கொடுப்பார்கள். சில வாரம் விட்டு, அடுத்த முறை புதியதைக் கொடுப்பார்கள். இரண்டு தடவையும் ஆளை உள்ளேயே படுக்கவைத்து, விட்டுவிட்டு ரத்தம் எடுத்து, மருந்து எவ்வளவு ஏறியது, எப்போது இறங்கியது என்று அளப்பார்கள். ஆட்களுக்கா பஞ்சம்? தம்பானூர் ஹோட்டல்களில் எச்சில் இலை எடுக்கிறவர்களும் ஆரியசாலையில் மூட்டை இறக்குகிறவர்களுமாகத் தென்பாண்டிச் சீமையே வந்து கிடக்கிறதே. இவர்களுக்கு 'வாலன்டியர்' என்று அழகான பெயர் வேறு. உள்ளே அந்தப் பெயரும் கிடையாது, நம்பர்தான். பிச்சுமணி பதினாலாம் நம்பர்.

லேப் தலைவர் அனந்தபத்மநாபன் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். கோட்டைக்குள் அக்ரஹாரத்துப் பிள்ளை, வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கினவர், எதைத் தொட்டாலும் கையைக் கழுவுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"பதினாலா? அவன் ரெண்டாம் தடவையும் கடேசி வரைக்கும் இருந்து ரத்தம் குடுத்துட்டு, சிரிச்சுண்டேன்னா போனான். லாட்ஜில போய் எதைத் தின்னானோ, யாரு கண்டா! ரத்தம் வேற ஃப்ரீசர்ல இருந்துது கேட்டியா, நானே எடுத்து வச்சிருக்கேன். இன்னிக்கு எந்திரத்துல ஓட்டிடு." ஒரு சிறு பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

பெட்டிக்குள் குழாய்கள் ஒழுங்காக நின்றன. மேலே பதினாலு, பதினாலு, பதினாலு என்று ஒட்டியிருந்தது. அஜிதாவுக்கு நிம்மதியாகிவிட்டது. கடைசி வரை ரத்தம் கொடுத்த ஆள் கடைசி வரை நன்றாகத்தானே இருந்திருப்பான்? வெளியே வந்து சுடலைமாடத்தியிடம் சொன்னாள்: "அக்கா, பயப்படாண்டாம். அவரு முழுசும் இருந்து ரத்தம் குடுத்திட்டுத்தான் போயிருக்காரு. இங்க ஒரு குழப்பமும் இல்ல. வேற எதாவது ஆயிருக்கும், டாக்டருட்ட அப்படிச் சொல்லுங்க."

சுடலைமாடத்தி, படித்த பிள்ளை சொல்கிறதே என்று நம்பிப் போனாள்.

அஜிதா வேலையைத் தொடங்கினாள். அவள் வேலை என்னவென்றால், பிளாஸ்மா என்கிற அந்த மஞ்சள் நீரிலிருந்து மருந்தைப் பிரித்து, எடை பார்க்கிற எந்திரத்துக்குள் விடுவது. பிரிக்கும்போது மருந்து கொஞ்சம் ஒட்டும், கொஞ்சம் சிந்தும், கொஞ்சம் ஆவியாகும். எவ்வளவு போயிற்று என்று எப்படித் தெரிவது? அதற்காக அந்த மருந்துக்கே ஒரு இரட்டையைச் செய்து வைத்திருக்கிறார்கள். மருந்தில் இருக்கிற சாதாரண ஹைட்ரஜனில் சிலதை எடுத்துவிட்டு, அதன் கனத்த சகோதரமான டியூட்டீரியத்தை வைத்துச் செய்தது. குணம் அதேதான், எடை மட்டும் ஒரு பொட்டுக் கூடுதல். இரட்டையை ஒவ்வொரு குழாயிலும் ஒரே அளவு விட்டுவிட்டால், மருந்து படுகிற பாடெல்லாம் அதுவும் படும். எந்திரம் இரண்டையும் தனித்தனியாகக் காட்டும். இரட்டை எவ்வளவு குறைந்ததோ அதை வைத்து மருந்தின் கணக்கைச் சரியாகச் சொல்லிவிடலாம். இன்டர்னல் ஸ்டாண்டர்டு என்பது முழுப்பெயர். லேபில் எல்லாருக்கும் அது ஐ.எஸ்.

கடலுக்கு அப்பாலிருந்து வருகிற, தங்கத்தைவிட விலை கூடிய சரக்கு அது. எந்த மனுஷ உடம்பிலும் இருக்காது. அஜிதாவின் ஃப்ரிட்ஜில் இருக்கிற ஒரு சின்னக் குப்பியில்தான் இருக்கும்.

ஒவ்வொரு தடவை எடுக்கிற ரத்தத்துக்கும் இரண்டு குழாய் உண்டு. ஒன்று ஓட்டுவதற்கு, ஒன்று இருப்பு. ஓட்டுகிற குழாயில் அன்றன்றைக்கு ஐ.எஸ். விட வேண்டும் என்பதுதான் சட்டம். ஆனால் ஒருமுறை அவசரத்தில் யாரோ விட மறந்து ஒரு நாள் வேலை மொத்தமும் பாழாய்ப் போனதிலிருந்து, பெஞ்சில் நிற்கிறவர்கள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார்கள். ரத்தம் வந்ததுமே இரண்டு குழாயிலும் விட்டு வைத்துவிடுவார்கள். பிறகு மறக்கிற பேச்சுக்கே இடமில்லை. மேலே சொன்னால் வசவு விழும் என்று யாரும் சொன்னதில்லை. அனந்தபத்மநாபன் பெஞ்சுப் பக்கம் வந்தே வருஷங்கள் ஆகியிருந்தன.

பதினாலின் பெட்டி தாமதமாக வந்ததல்லவா, அதற்கு அன்று காலையில்தான், ஓட்டுகிற குழாய்களில் மட்டும், அஜிதா ஐ.எஸ். விட்டாள். எந்திரம் ஓடத் தொடங்கியது.

மாத்திரை கொடுக்குமுன் எடுத்த ரத்தம் சரியாக இருந்தது. அடுத்ததும் சரி. அதற்கப்புறம் வந்த குழாய்கள் எல்லாவற்றிலும் ஐ.எஸ். இரண்டு மடங்கு உயரத்தில் நின்றது. முதலில் தன் கைமேல்தான் சந்தேகம் வந்தது, இரண்டு தடவை விட்டுவிட்டோமோ என்று. ஆனால் ஒரு குழாயில் தவறலாம், வரிசையாகவா தவறும்? பெட்டியில் அவள் தொடாத இருப்புக் குழாய் ஒன்றை எடுத்தாள். ஐ.எஸ். ஒரு சொட்டும் விடாமல் அப்படியே பிரித்து எந்திரத்தில் ஏற்றினாள்.

திரையில் ஐ.எஸ். எழுந்து நின்றது.

பிச்சுமணியின் கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் அவள் குப்பிச் சரக்கு எப்படிப் போகும்? போகாது. அவள் ஏற்கெனவே ஐ.எஸ். விட்டு வைத்திருந்த மற்றவர்களின் இருப்புக் குழாய்களைத்தான் யாரோ திறந்து, கலந்து, பதினாலு என்று ஒட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் முதலிரண்டு ரத்தம் மட்டுமே பிச்சுமணியுடையது, மாத்திரையை விழுங்கின கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவன் இங்கே இல்லை. குழாய் மூடியில் படிந்திருந்த மஞ்சள் ஈரம் கையுறையில் ஒட்டியது. தினமும் தொடுகிற சாமான்தான், ஆனால் அன்றைக்கு அவள் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள்.

தாளை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனாள். அனந்தபத்மநாபன் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாங்காய் ஊறுகாயை விரலால் தொட்டுத் தொட்டு நக்கிக்கொண்டே தாளைப் பார்த்தார். அவர் முகம் சிவந்ததைப் பார்த்து, மாட்டிக்கொண்டதில் மனிதருக்கு வெட்கம் வந்துவிட்டது என்றுதான் அஜிதா நினைத்தாள்.

"இருப்புக் குழாயிலயும் நீங்க முன்கூட்டியே ஐ.எஸ். விடறேளா? யாரு சொல்லிக் குடுத்தா இதை? ப்ரொசீஜர்னு ஒண்ணு எழுதி வச்சிருக்கே, அது எதுக்காக்கும்? இப்படி அவாவா இஷ்டத்துக்குப் பண்ணினா லேபை எப்படி நடத்தறது?"

திருட்டுப் பிடிபட்டவன், பூட்டு சரியில்லை என்று வீட்டுக்காரனைத் திட்டுகிறான்!

"சார், இது பதினாலுக்க ரத்தம் இல்ல."

"தெரியும். நான்தானே வச்சேன்." இன்னொரு வாய் போட்டுக்கொண்டார். "ரெண்டாம் தடவை வந்தப்பவே அவனுக்கு ஜுரம், மேலெல்லாம் ஒரு சிவப்பு. ஒரு ஆள் குறைஞ்சா எண்ணிக்கை தெகையாது கேட்டியா, ஸ்டடியே போயிடும். அதான் மாத்திரையைக் குடுத்தோம். கொஞ்ச நேரத்துல வாந்தி. பெட்டெல்லாம் நாறடிச்சுட்டான். ஆட்டோல ஏத்தி அனுப்பிச்சேன். இப்ப என்ன? ஐ.எஸ். விடாம மறுபடி ஓட்டு, சரியா வந்துடும்."

"ஜுரத்தோட, மேல் சிவந்து வந்த ஆளுக்கா மாத்திர குடுத்திய?"

"சத்தம் போடாதே."

"அவரு ஆஸ்பத்திரில கெடக்காரு சார். டாக்டர் மருந்துக்க பேரக் கேக்காவ."

"எனக்கும் போன் பண்ணினா. அவன் நல்லபடியா முடிச்சுட்டுப் போனான், ஒரு சைடு எஃபெக்டும் இல்லைன்னு ஃபேக்ஸ் அனுப்பியாச்சு. அது முடிஞ்ச விஷயம்." டப்பாவை மூடினார். பிறகு வாஷ்பேசினுக்குப் போய் சோப்பைக் குழைத்து, விரலிடுக்கெல்லாம் விட்டுத் தேய்த்துக் கழுவத் தொடங்கினார். அந்த வழுவழுத்த விரல்களை அஜிதா பார்த்தாள். சீ, இவன் கையா மனுஷன் கை!

தாள்களைப் பைக்குள் திணித்துக்கொண்டாள். எங்கே போகிறாய் என்று பின்னாலிருந்து கேட்டது. அவள் திரும்பவில்லை. வேலை போகும், வக்கீல் நோட்டீஸ் வரும், அப்பா தாசையன் சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்ட உத்தியோகம் தெருவுக்கு வரும். வரட்டும் என்று ஆட்டோவைக் கைகாட்டினாள்.

பிச்சுமணியின் கட்டிலை வார்டில் தேடவே வேண்டியிருக்கவில்லை. வாடை வழிகாட்டியது. தோல் ஈரக் காகிதம்போல் உரிந்து வந்துகொண்டிருந்தது. உதடு இருந்த இடத்தில் கறுத்த பொருக்கு. கண் இமைகள் ஒட்டிக் கிடந்தன. தலைமாட்டில் சுடலைமாடத்தி உட்கார்ந்து ஓர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். டாக்டர் ரெனி பக்கத்தில் நின்று நாடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஜிதா மூச்சு வாங்க மருந்தின் பெயரைச் சொன்னாள். "கார்பமஸெபின். வலிப்பு மருந்து. ரெண்டு தடவை குடுத்திருக்கு. ரெண்டாம் தடவை, மேல் சிவந்தப்புறம்."

டாக்டர் ரெனி கையை நீட்டி, மேலே தொங்கிய பாட்டிலின் குழாயைத் திருகி நிறுத்தினாள். ஊசியையும் பிடுங்கினாள். அதற்கப்புறம்தான் திரும்பினாள்.

"மத்தியானம் இவருக்கு ஃபிட்ஸ் வந்துது. அதுக்கு இது ஏத்திக்கிட்டிருக்கேன், ஃபெனிடாயின். நீங்க சொன்னதுக்க சொந்தக்கார மருந்தாக்கும். அது ஒத்துக்காத உடம்புக்கு இதைக் குடுக்கவே கூடாது."

"ஏன் டாக்டர் குடுத்திய?" என்றாள் அஜிதா.

"கம்பெனில இருந்து ஃபேக்ஸ் வந்துது. நான் அத நம்பல்ல, இந்த அம்மாவ நேர்ல போய்க் கேக்கச் சொல்லி விட்டேன். அங்க ஒரு மேடம், ஒரு குழப்பமும் இல்ல, கடைசி வரைக்கும் இருந்து ரத்தம் குடுத்தாரு, வேற எதாவது ஆயிருக்கும்னு சொன்னாங்களாம். பின்ன மருந்தில்ல, வேற ஏதோ காய்ச்சல்னு விட்டுட்டேன்." அவள் அஜிதாவின் கழுத்து அட்டையைப் பார்த்தாள். "எழுதித் தருவிங்களா?"

அஜிதா எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாள்களையும் கொடுத்தாள். டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டு வேகமாகப் போனாள். பிழைப்பானா என்று அஜிதா கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை.

சுடலைமாடத்தி விசிறுவதை நிறுத்தியிருந்தாள்.

"காலைல நீதானம்மா சொன்ன, அவுக கடைசி மட்டும் ரத்தம் குடுத்தாவன்னு? அப்ப அந்த ரத்தம்?"

"அது இவருக்க ரத்தம் இல்லக்கா. சொகமாட்டு இருக்கப்பட்ட வேற ஆளுவளுக்க ரத்தம். இவருக்க நம்பர் எழுதி ஒட்டி வச்சிருந்தாவ. எனக்கு அப்பத் தெரியாது."

சுடலைமாடத்தி கத்துவாள், முடியைப் பிடித்து இழுப்பாள் என்று அஜிதா காத்து நின்றாள். அப்படி எதுவும் நடக்கவில்லை. கட்டிலில் பிச்சுமணியின் பொருக்குத் தட்டிய வாய் லேசாகத் திறந்தது. தண்ணீர் கேட்கிறான் என்று அஜிதாவுக்குத் தெரிந்தது. ஸ்டூலில் இருந்த டம்ளரை எடுத்து, ஜக்கிலிருந்து கொஞ்சம் ஊற்றி, ஸ்பூனோடு குனிந்தாள்.

சுடலைமாடத்தி அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள். அந்தத் தண்ணீரைக் கட்டிலுக்கடியில் இருந்த வாந்திச் சட்டியில் ஊற்றினாள். டம்ளரை முந்தானையால் உள்ளும் புறமும் துடைத்தாள். பிறகு ஜக்கிலிருந்து வேறே தண்ணீர் ஊற்றி, தானே புருஷனுக்குக் கொடுத்தாள்.