ஒருமுறை தட்டினால் மிதி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்வார். அவர் பெற்ற மகளுக்கு அது எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லமாட்டார். நானும் அவளும் நான்கு நாளாகப் பேசவில்லை. காரணம் என் வாய்தான். "இவ ஓட்டறதுக்கு பிரேக் மட்டும் நல்லா இருந்தா போதும், காலை அதுலேருந்து எடுக்கவே மாட்டா" என்று அவளோடு வேலை பார்க்கும் டீச்சர்கள் முன்னால் சொல்லித் தொலைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் வாயைப் பூட்டிக்கொண்டாள். நான் மட்டும் சளைத்தவனா? நானும் பூட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் முதல்முறையாகப் பந்தயத் தடத்தில் ஓட்டப்போகிறாள். போட்டி எதுவும் கிடையாது. சொந்தக் காரைக் கொண்டுபோய் ஆசை தீர ஓட்டிப் பார்க்கிற நாள். இரண்டு பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார், ஆறு வருடம் ட்யூஷன் எடுத்து அவள் வாங்கியது. நான் கார் மெக்கானிக். பேசாவிட்டால் என்ன, அவள் காரின் பிரேக்கை இன்னொருத்தன் தொட விடுவேனா?

சனிக்கிழமை காலை காரைத் தூக்கி நான்கு ஸ்டாண்டில் நிறுத்தினேன். அதிகச் சூடு தாங்கும் பிரேக் பேட்களை மாட்டினேன். பழைய பிரேக் ஆயில் ஆறிப்போன டீ நிறத்தில் இருந்தது. தெருவுக்கு அது போதும். தடத்தில் அடுத்தடுத்து அழுத்தி மிதிக்கும்போது கொதித்துக் குமிழி விடும். அப்புறம் பெடல் தரை வரைக்கும் போகும், கார் நிற்காது. அதனால் அதை முழுதும் வெளியேற்றி, சீல் உடைக்காத புது டப்பாவைத் திறந்து ஊற்றவேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் உள்ளே பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து ஆயிலை வெளியே விட்டு மூடுவார். மூடுவதற்கு முன் பெடலை விட்டால் காற்று உள்ளே போய்விடும். அதனால்தான் எல்லா ஷெட்டிலும் இந்த வேலையைக் கத்திக் கத்திச் செய்வார்கள்.

நாங்கள்தான் பேசுவதில்லையே.

"அத்தை, உங்க பொண்ண மிதிக்கச் சொல்லுங்க" என்றேன்.

நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிரவே இல்லை. "நான் என்ன போஸ்ட் ஆபீஸா? உங்க பொண்டாட்டிதானே மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்க."

சொல்வேனா? ஒருமுறை தட்டினால் மிதி, இருமுறை தட்டினால் விடு என்று ஓர் அட்டையில் எழுதி ஸ்டீயரிங்கில் செருகினேன். அவள் படித்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள்.

மூன்று சக்கரங்கள் ஒழுங்காக முடிந்தன. நான்காவதில், ஒருமுறை தட்டித் திருகைத் திறந்த நேரம் பார்த்து ஸ்பேனர் கைநழுவி டங் டங்கென்று விழுந்தது. திருகில் மாட்டியிருந்த குழாயில் வந்துகொண்டிருந்த ஆயில் சட்டென்று பின்னால் ஓடியது. "விட்டுட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நுனிநாக்கு வரை வந்ததை விழுங்கினேன். இன்னும் இரண்டு தரம் மிதிக்க வைத்து, குமிழி தெரியாததால் மூடிவிட்டேன். நானே உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. உள்ளே காற்று இருந்தாலும் நாலைந்து முறை மிதித்தால் எந்தப் பெடலும் அப்படித்தான் இருக்கும். எனக்கா தெரியாது?

மறுநாள் அவள் விடியும் முன்பே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நானும் மாமியாரும் கருவிகளோடு வேனில் போய்ச் சேர்ந்தபோது, தடத்தின் வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. அவளுடையது மூன்றாவது. வரிசை கொஞ்சம் நகர்ந்தது. அவள் காரின் பின்னால் பிரேக் விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. மறுபடியும் அதே மாதிரி.

முதல் மிதி பிடிக்காமல் இரண்டாவது மிதிக்கிறாள். விழுந்தடித்து ஓடிப்போய் அவள் காரின் முன்னால் நின்றேன். கொடி வைத்திருந்தவர் கத்தினார். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"ரெண்டு தடவை மிதிக்கறியா?"

"ஆமா."

"எப்போலேருந்து?"

"நேத்து சாயங்காலம் ஓட்டிப் பாத்ததுலேருந்து. முதல் மிதி பஞ்சு மாதிரி உள்ள போகுது."

"அட கடவுளே! ஏன் சொல்லல?"

ஹெல்மெட்டுக்குள் அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. "பிரேக்லேருந்து காலை எடுக்கத் தெரியாதவ பிரேக்கப் பத்திப் பேசினா, நீங்க சிரிப்பீங்க."

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"நேத்து ஸ்பேனர் நழுவிச்சு. காத்து போயிருக்கும்னு எனக்குத் தெரியும். வீம்புக்குக் கேக்காம விட்டேன். அன்னிக்குச் சொன்னதும் தப்புதான், மன்னிச்சுக்கோ. இறங்கும்மா, உள்ள போகாத."

அவள் காரை ஓரம் கட்டினாள். வேனிலிருந்து ஜாக்கையும் சீல் உடைக்காத இன்னொரு டப்பாவையும் எடுத்துவந்தேன்.

"மிதி!"

"மிதிச்சாச்சு!"

"பிடிச்சுக்கோ... மூடிட்டேன். விடு!"

"விட்டாச்சு!"

நாங்கள் போட்ட கூச்சலில் சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான்காவது சக்கரத்தில்தான் குமிழி வந்தது. மிளகு அளவுகூட இல்லை.

முதல் சுற்றுக் கார்கள் அவள் இல்லாமலே ஓடி முடித்துவிட்டன. இரண்டாவதில் அவள் உள்ளே போனாள். நானும் மாமியாரும் கம்பிவேலியோரம் நின்றோம். முதல் வளைவுக்கு முன்னால் அவள் காரின் பிரேக் விளக்கு ஒரே ஒருமுறை எரிந்து அணைந்தது. கார் சீறிக்கொண்டு திரும்பிப் போனது.

"பாத்தீங்களா மாப்பிள்ளை, காலை எடுத்துட்டா" என்றார் மாமியார்.